நிழற்படத்தில் யானைமலை

மதுரை மாநகரின் வடகிழக்கே, மேலூருக்குச் செல்லும் பெருவழியின் ஓரத்தில், துதிக்கையை முன்னே நீட்டிக் கால் மடக்கிப் படுத்திருக்கும் களிறு போன்று ஒரு பாறை கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ இரண்டு மைல் இருக்கும். மண்ணும் கல்லும் கலந்த குன்றன்று. முழுவதும் கெட்டியான பாறை. மதுரைக்கு அந்தத் திசையிலிருந்து வருவோர் ஆலவாய்ப் பெருமான் கோபுரங்களைக் காணுமுன் இம்மலையையே காண்பர். யானைமலை என்னும் பெயரைக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டுவதில்லை. பார்த்த கண்ணே பெயரிட்டுவிடும்.

இம்மலையைக் கருமையும் பழுப்புமாகக் காட்டும் பழைய நிழற்படம் ஒன்று உண்டு. 1858-ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரித் திங்களில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர். படத்திற்கு அவர் இட்ட பெயர், 'யானைப் பாறை: முனைப்புறத் தோற்றம்' எனப் பொருள்படுவது. மலையின் ஒரு முனையில் நின்று எடுத்தமையால், அதன் நீளம் மறைந்து பருமையே புலனாகிறது. வழிப்போக்கர் எல்லாரும் வியக்கும் யானையின் வடிவத்தை இப்படத்தில் முழுமையாகத் தேடினால் காண இயலாது. சமநிலத்தின்மேல் கல் எழுந்து நிற்கும் பெருமிதம் ஒன்றையே காணலாம். யானையைப் பக்கவாட்டில் கண்டு மகிழ்வது ஒன்று. அதன் முன்னே தனித்து நிற்பது மற்றொன்று. டிரைப் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார் எனலாம்.

இப்படத்தின் பெயரிலே கோயில் இல்லை. தெய்வத்தின் பெயரும் இல்லை. ஆயினும் இதனைத் திருக்கோயில் மலரொன்றில் எடுத்துப் பேசுவதற்கு நல்ல காரணம் உண்டு. அந்தக் கல்லின் அடிவாரத்திலே, தமிழகத்தின் மிகப் பழைய குடமுழுக்குச் செய்திகளுள் ஒன்று எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அச்செய்தியை அடைவதற்கு முன், படம் பிறந்த வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

டிரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுகத்தில் பிறந்தவர். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது, அந்நாளில் புதுமையாயிருந்த நிழற்படக் கலையைக் கற்று, 1853-இல் இலண்டன் நிழற்படச் சங்கத்தில் உறுப்பினரானார். மீண்டும் இந்நாடு வந்தபின் ஹளேபீடு, பேலூர் முதலிய தலங்களின் சிற்பங்களைப் படம் எடுத்தார். 1855-இல் கம்பெனியார் பர்மிய மன்னரிடம் தூது அனுப்பியபோது, அத்தூதுடன் சென்று அந்நாட்டின் கோயில்களையும் நகரங்களையும் படமாக்கினார். அதன்பின் சென்னை மாகாண அரசாங்கம் அவரைத் தன் நிழற்பட அலுவலராக அமர்த்தியது. 1857-ஆம் ஆண்டு இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, சேலம் நாட்டு மலைக்கோட்டைகள், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு எனப் பல இடங்களையும் சுற்றி வந்தார்.

அந்த ஆண்டுகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். வடக்கே 1857-இல் எழுந்த பெரும்போர் அப்போது அடங்கவில்லை. கம்பெனியின் ஆட்சியும் முடியும் தறுவாயில் இருந்தது; 1858-ஆம் ஆண்டிலேயே நாட்டின் ஆட்சி இங்கிலாந்து அரசியின் பெயருக்கு மாறியது. அத்தகைய காலத்தில், தெற்கே ஒருவர் மாட்டு வண்டிகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகச் சென்றுகொண்டிருந்தார். அரசாங்கத்தின் நோக்கம் பக்தியன்று. ஆளும் நாட்டின் கட்டடங்களையும் நில அமைப்பையும் பதிவு செய்து வைப்பதே அவர்கள் விரும்பியது. நோக்கம் எதுவாயினும், கிடைத்த பயனைத் தமிழ்மக்கள் இழக்க வேண்டுவதில்லை.

அக்காலத்து நிழற்படம் எடுப்பது ஒரு சிறு வேள்வி போன்றது. இன்று கையளவு கருவியில் ஒரு நொடியில் முடியும் செயலுக்கு அன்று பல நாட்கள் ஆயின. டிரைப் கண்ணாடித் தகட்டைவிடத் தாளையே பெரிதும் நம்பினார். நல்ல தாளை மெழுகில் தோய்த்து, அதனுள் ஒளி ஊடுருவும்படி செய்வர். பின்பு அயோடின் சேர்ந்த உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவர். அதன்பின் வெள்ளி உப்புக் கரைசலில் இட, தாள் ஒளியை உணரும் தன்மை பெறும். பிரான்சு நாட்டு லெ கிரே என்பவர் வகுத்த இம்முறையில், தாளை முன்னதாகவே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். வழிப்பயணத்திற்கு இதுவே ஏற்றது. ஆனால் மதுரை வெயிலில் மெழுகு இளகும், கரைசல்கள் கெடும், தூசி படியும். இவற்றையெல்லாம் வென்றுதான் ஒரு படம் பெற வேண்டும்.

தாளைப் பெட்டியினுள் இட்டு, வில்லையின் மூடியைத் திறந்து, நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும். அந்த நேரத்தில் அசையும் பொருள் எதுவும் தாளில் நிலைபெறாது. நடந்து செல்லும் மனிதர் மறைவர். மாடு வாலை ஆட்டினால் வால் புகையாகும். காற்றில் ஆடும் இலை மங்கும். அசையாதது மட்டுமே தெளிவாக நிற்கும். ஆகவே அந்நாளைய படங்களில் ஊர்கள் ஆளற்றுத் தோன்றுவதைக் கண்டு, அங்கே மக்களே இல்லை என எண்ணிவிடலாகாது. அவர்கள் இருந்தார்கள், அசைந்துகொண்டிருந்தார்கள். நிலைத்து நின்றவை கல்லும் மண்ணும் கோபுரமுமே. மலையைப் படம் எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு இருந்திருக்க முடியாது.

இன்னொரு குறையும் அம்முறைக்கு உண்டு. வெள்ளி உப்பு நீல ஒளியையே மிகுதியாக உணரும். அதனால் நீலவானம் அளவுக்கு மீறி ஒளிர்ந்து, படத்தில் வெறும் வெண்தாளாகவே பதியும். மேகமும் இல்லை, ஆழமும் இல்லை. டிரைப் இதனைப் பொறுக்கவில்லை. மெழுகுத் தாளின்மேல் நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டி, வானில் மேகங்களைத் தாமே அமைத்துக்கொண்டார். மரக்கிளைகளின் விளிம்பையும் சிற்சில இடங்களில் திருத்தினார். அவர் எடுத்த படங்கள் பலவற்றில் காணும் மேகம், அன்று வானில் மிதந்த மேகமன்று. அவர் கை வரைந்தது. நிழற்படம் பொய் சொல்லாது என்று கூறுவோர் இதனைக் கருதிப் பார்ப்பார்களாக. இருந்தும் கல்லை அவர் திருத்தவில்லை. வானத்தை வரைந்தவர் மலையை உள்ளபடியே விட்டுவிட்டார். வரலாற்றிற்கு வேண்டியது மலைதான்.

மூலத்தாள் ஆயத்தமானபின், உப்புப் பூசிய வேறொரு தாளை அதனடியில் வைத்து வெயிலில் காட்டிப் படம் எடுப்பர். மூலம் எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவே பெரிது. ஆதலால் பெரிய படம் வேண்டுமாயின் பெரிய பெட்டியையே சுமந்து செல்ல வேண்டும். டிரைப்பின் மூலத்தாள்கள் ஒரு முழத்திற்குச் சற்றே குறைந்த நீளம் உடையவை. இப்பணிகளில் அவருக்கு உதவி செய்தோர் இந்நாட்டினர். அவர்களுள் சி. ஐயாசாமி என்பவர், பின்னாளில் சென்னைக் கைத்தொழிற் கலைப் பள்ளியில் நிழற்படப் பணி புரிந்தவர். படங்களின் அடியில் ஐயாசாமி போன்றோர் பெயர் எழுதப்படவில்லை. கோயில் திருப்பணிகளிலும் கல் சுமந்தோர் பெயர் கல்வெட்டில் ஏறுவது அருமையன்றோ!

1858-ஆம் ஆண்டிலேயே மதுரைப் படங்கள் தொகுப்புகளாக வெளிவந்தன. புது மண்டபமும், தெப்பக்குளமும், வைகையின் குறுக்கே சென்ற தாம்போகியும், திருமலை நாயக்கர் மகாலும் அவற்றுள் இடம்பெற்றன. மகால் அப்போது பாழடைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராயிருந்த காலத்தில்தான், அதாவது 1866-க்குப் பின்னரே, அதனைப் பழுது பார்த்தனர். பழுது பார்க்குமுன் மகால் எவ்வாறிருந்தது என்பதை அறிவதற்கு இப்படங்கள் சான்று. எனினும் அரசாங்கத்தின் ஆர்வம் நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இச்செலவு வேண்டாத ஆடம்பரம் எனக் கருதி நிழற்பட நிலையத்தை மூடச் செய்தார். டிரைப் படைப்பணிக்கே திரும்பினார். 1902-இல் தாம் பிறந்த ஊரில் மறைந்தார்.

படம் எடுத்த கதை இது. படத்தில் உள்ள கல்லின் கதை இதனினும் நெடியது.

திருவிளையாடற் புராணம் கேட்டு வளர்ந்த அன்பர்களுக்கு யானைமலையின் புராண வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. பரஞ்சோதி முனிவரின் நூலில் இருபத்திரண்டாவதாக வரும் யானை எய்த படலம் அதனைக் கூறும். விக்கிரம பாண்டியன் காலத்தில், அவனைப் போரில் வெல்ல இயலாத சோழன் சமணரைக் கொண்டு வேள்வி செய்வித்தான். அதிலிருந்து மாயக் களிறு ஒன்று எழுந்து மதுரையை நோக்கி வந்தது. சோமசுந்தரப் பெருமான் வில்வீரராய் எழுந்தருளி நரசிங்கக் கணையைத் தொடுத்து அதனை வீழ்த்தினார். வீழ்ந்த களிறே மலையாயிற்று. அக்கணையின் பெயருக்கு ஏற்ப, மலையடியில் நரசிங்கமூர்த்தி தோன்றினார் எனவும், பிரகலாதனும் உரோமச முனிவரும் அங்கே தவம் செய்தனர் எனவும் புராணம் உரைக்கும். நாகமலைக்கும் பசுமலைக்கும் இவ்வாறே படலங்கள் உண்டு. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் யாவும் ஆலவாய் அண்ணலின் ஆடற் களங்களாகவே அடியார் கண்ணுக்குத் தோன்றின.

இனி, கல்வெட்டு கூறுவது வேறொரு வகையில் இன்பம் பயப்பது. மலையின்மேல் இயற்கைக் குகைத்தளம் ஒன்றில் கற்படுக்கைகள் உள்ளன. அங்கே பழந்தமிழ் எழுத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அதில் இம்மலை 'இவ குன்றம்' எனப்படுகிறது. இபம் என்பது யானையைக் குறிக்கும் வடசொல். ஆகவே புராணம் பாடப்படுவதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்பே, அங்கே தங்கிய துறவியர் இதனை யானைக் குன்றமென்றே அழைத்தனர். திருஞானசம்பந்தரும் திருவாலவாய்ப் பதிகம் ஒன்றில் ஆனைமாமலையைச் சமணர் உறையும் இடங்களுள் முதலாக வைத்துப் பாடியுள்ளார். ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் இருந்தோர்க்கு யானைமலை என்றவுடன் நினைவுக்கு வந்தது அச்சமயத்தார் பள்ளியே என்பது இதனால் விளங்கும்.

அதற்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின், மலையின் அடிவாரத்தில் திருமாலுக்குக் குடைவரைக் கோயில் எழுந்தது. இதுவே இன்று நரசிங்கம் என்னும் ஊரில் யோக நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருக்கோயில். இக்கோயிலைக் குடைவித்தவன் மாறன் காரி. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனுக்கு அமைச்சனாய் விளங்கியவன், களக்குடி என்னும் ஊரினன், வைத்தியர் குலத்தவன், மூவேந்த மங்கலப் பேரரையன் என்னும் பட்டம் பெற்றவன். வடமொழிக் கல்வெட்டு அவனை மதுரகவி என்றும் குறிக்கிறது. அப்பெயரைக் கொண்டு அவனையே மதுரகவி ஆழ்வார் என்று கொண்டோரும் உண்டு. பெயர் ஒத்ததொன்றே போதிய சான்றாகாது என்க.

இதே அமைச்சன் புகழ்பெற்ற வேள்விக்குடிச் செப்பேட்டிலும் காட்சியளிக்கிறான். முன்னோர் பெற்ற வேள்விக்குடி என்னும் ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று என ஓர் அந்தணர் முறையிட, அரசன் ஆராய்ந்து அதனைத் திரும்ப அளித்தான். அவ்வாணையை நிறைவேற்றும் ஆணத்தியாக நின்றவன் இம்மாறன் காரியே. இழந்த அறத்தை மீட்டுக் கொடுத்த ஆணையில் ஒரு கை. குன்றைக் குடைந்து கோயில் செய்ததில் மற்றொரு கை. அமைச்சுப் பதவிக்கு அழகு இவ்வாறு அமைந்தது.

யானைமலையில் அவன் செய்வித்த கோயிலில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு, கலியாண்டு 3871 எனக் காலத்தைத் திட்டமாகக் குறிக்கிறது. அதிலிருந்து 3101-ஐக் கழிக்க, கி.பி. 770 என்பது பெறப்படும். பாண்டியர் வரலாற்றில் ஆண்டு இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. நெடுஞ்சடையன் காலத்தை வரையறுக்க அறிஞர்கள் இதனையே பெருந்துணையாகக் கொண்டனர். திருமாலுக்குக் கற்கோயில் செய்ததையும் அந்தணர்க்கு ஊர் வழங்கியதையும் அது கூறும்.

மற்றது வட்டெழுத்தில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு. அளவிற் சிறியது, ஆனால் படிப்போர் நெஞ்சை நெகிழ்விப்பது. மாறன் காரி இக்கற்றளியைச் செய்தான். செய்து முடித்தும் நீர் தெளிக்கும் முன்னரே வானுலகம் சேர்ந்தான். அதன்பின் அவன் தம்பியாகிய மாறன் எயினன், தமையன் வகித்த அமைச்சுப் பதவியையே எய்தி, பாண்டிமங்கல விசையரையன் என்னும் பட்டமும் பெற்று, கோயிலுக்கு முகமண்டபம் அமைத்து, நீர் தெளித்தான். இதுவே அக்கல்வெட்டின் செய்தி. நீர் தெளித்தல் என்று அது கூறுவது இன்று குடமுழுக்கு என்றும் கும்பாபிஷேகம் என்றும் வழங்கும் சடங்கையே.

இச்சிறு வாசகத்தில் எத்துணைப் பொருள் அடங்கியிருக்கிறது! அமைச்சன் ஒருவன், அரசியல் அலுவல்களின் நடுவே, வலிய பாறையைப் பல காலம் பொறுமையாகக் குடைவித்தான். உளியால் கல்லைக் கழித்துக் கழித்துக் கருவறை கண்டான். எல்லாம் முடிந்து, குடத்து நீர் ஒன்றே குறையாயிருந்த வேளையில் அவன் வாழ்நாள் முடிந்துவிட்டது. தான் எடுப்பித்த கோயிலில் இறைவன் எழுந்தருளியதை அவன் கண்ணாரக் காணவில்லை. தம்பி நினைத்திருந்தால், தானே முழுவதும் செய்ததாகப் பொறித்திருக்கலாம், கேட்பார் யார்? அவ்வாறு செய்யவில்லை. தமையன் செய்தது இது, நான் செய்தது இது எனப் பிரித்து எழுதினான். கற்றளி அண்ணனுக்கு, முகமண்டபமும் நீரும் தனக்கு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்தபின்னும் அந்தக் கணக்கு அழியவில்லை.

திருப்பணிக் குழுக்களில் அமர்ந்து நன்கொடைப் பட்டியல் எழுதுவோர், பெயர்க் கல்லில் எவர் பெயர் முன்னே, எவர் பெயர் பின்னே என வழக்காடும் நேரத்தில், யானைமலைக்கு ஒருமுறை சென்று வருதல் நலம். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர் என்பது கோயில்தோறும் நிகழ்வதே. கோபுரத்திற்கு அடித்தளம் இட்டவரும் கலசம் ஏற்றியவரும் ஒருவராயிருக்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

இம்மலையில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கு அணித்தே இலாடன் கோயில் என வழங்கும் சிறு குடைவரை ஒன்று உள்ளது. அதில் முருகப் பெருமான் தேவசேனையோடு அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார். பழைய குடைவரைகளில் முருகன் தேவியுடன் கருவறை மூர்த்தியாய் வீற்றிருப்பது அருமையாதலின், இதனைக் காண்பது தனிச் சிறப்பு.

மற்றொன்று, மலையின்மேல் உள்ள சமணச் சிற்பங்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் அச்சணந்தி முதலியோர் தீர்த்தங்கரர் திருமேனிகளைப் பாறையில் செதுக்குவித்தனர். அவற்றின்மேல் சுதை பூசி வண்ணம் தீட்டியிருந்த சுவடு இன்றும் சிறிது காணப்படுகிறது. இத்திருமேனிகளுள் சிலவற்றின் கீழ் உள்ள வட்டெழுத்துகள், அவை நரசிங்கமங்கலத்துச் சபையாரின் காப்பில் உள்ளவை எனக் கூறுகின்றன. மலையடியில் நரசிங்கரை வழிபட்ட ஊரின் சபையாரே, மலைமேல் இருந்த வேற்றுச் சமயத் திருமேனிகளுக்குக் காவல் பூண்டனர்! புராணத்தில் போரிட்ட சமயங்கள், கல்வெட்டில் அண்டை வீட்டாராய் வாழ்ந்தன. புராணம் அடியார் உள்ளத்தின் உண்மை. கல்வெட்டு ஊரார் நடத்தையின் உண்மை. இரண்டையும் ஒரே மலை சுமந்து நிற்கிறது.

டிரைப்பின் நிழற்படத்திற்கு மீண்டும் வருவோமாயின், இவை ஒன்றும் அதன் பெயரிலோ பொருளிலோ இல்லை. 1858-இல் அவர் முன் நின்றது வியக்கத்தக்க பாறை, அவ்வளவே. வட்டெழுத்தை அறிஞர்கள் படித்து, இக்கல்வெட்டுகளைத் தொல்பொருள் துறையின் வெளியீட்டில் அச்சிட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். குகைத்தளத்துப் பழந்தமிழ் எழுத்தின் பொருள் தெளிவானதும் அந்நூற்றாண்டிலேயே. ஆகவே அவர் அறியாத ஒன்றைப் படம் எடுத்தார். அறியாமல் எடுத்ததால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

தஞ்சையிலும் இதுவே நிகழ்ந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை டிரைப் துண்டு துண்டாகப் படம் எடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஆக்கினார். அவ்வெழுத்துகளின் பொருளை அவர் அறியார். அக்கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசராசனே என்று ஹூல்ஷ் என்னும் அறிஞர் அக்கல்வெட்டுகளைக் கொண்டு நிலைநாட்டியது, அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. கருவி முன்னே சென்று உருவைக் காத்தது. கல்வி பின்னே வந்து பொருளைக் கண்டது.

கோயில் அன்பர்களுக்கு இதில் கருத வேண்டியது உண்டு. திருப்பணி என்பது புதுக்குதல். புதுக்கும்போது பழையது மாறும். சுதை உதிர்ந்த கோபுரத்திற்கு வண்ணம் பூசுகிறார்கள். பிராகாரத்தில் புதுத்தளம் இடுகிறார்கள். எழுத்துள்ள கல்லைப் புரட்டி வேறிடத்தில் வைக்கிறார்கள். மணலைப் பீய்ச்சிச் சுவரைத் துடைக்கையில் எழுத்தின் முனை மழுங்குகிறது. பழஞ்சுவர் ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு ஏறுகிறது. அன்பினாலேயே இவை யாவும் நிகழ்கின்றன. ஆயினும் அன்பினால் அழிந்ததும் அழிந்ததே. திருப்பணி தொடங்குமுன் கோயிலின் ஒவ்வொரு சுவரையும், தூணையும், எழுத்தையும் படம் எடுத்து வைப்பதற்கு இந்நாளில் ஆகும் செலவு ஒரு வேளை அன்னதானச் செலவுகூட இராது. பாலாலயம் செய்யும் நாளிலேயே இதனையும் ஒரு கடமையாகக் கொள்வாராயின், அடுத்த குடமுழுக்குக்கு வருவோர் இவர்களை வாழ்த்துவர்.

மலை மாறுமா என்று கேட்கலாம். மாறும். மதுரையைச் சூழ்ந்த நாட்டில், கல்லுக்காகவே குன்றுகள் அறுபட்டதை இந்தத் தலைமுறையினர் கண்ணெதிரே கண்டனர். 2010-ஆம் ஆண்டளவில் யானைமலையையே செதுக்கிச் சிற்ப நகரமாக்கலாம் என்னும் யோசனை ஒன்று எழுந்தது. ஒத்தக்கடை, நரசிங்கம் முதலிய ஊர்களில் வாழ்வோர் அதனை ஏற்கவில்லை. இது எங்கள் மலை, எங்கள் சாமி மலை எனத் திரண்டு நின்றனர். யோசனை கைவிடப்பட்டது. செதுக்குவதே சிற்பமெனில், அம்மலையை முன்பே செதுக்கியவர்கள் இருந்தார்கள். மாறன் காரியின் தச்சர்கள், இலாடன் கோயிலைக் குடைந்தோர், அச்சணந்தியின் சிற்பிகள் ஆகிய இவர்கள் எல்லாரும் மலையின் மடியில் ஒரு மூலையைக் கேட்டுப் பெற்றார்களேயன்றி, யானையின் உருவத்தில் கை வைக்கவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் குடைந்தும், தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு அது யானையாகவே இருக்கிறது. அவ்வடக்கத்தைப் பிற்காலத்தார் கற்பது அரிதாயிற்று.

அன்று யானைமலையைக் காத்தவர்கள் எந்த நிழற்படத்தையும் கையில் ஏந்தவில்லை. மலையே கண்முன் இருந்தது. ஆனால் படமும் எடுக்கப்படாமல், ஊராரும் திரளாமல் அறுபட்டுப் போன குன்றுகளின் வடிவம் இன்று எவர் நினைவில் இருக்கிறது? அவற்றுள் எத்தனை குன்றுகளில் எந்த எழுத்து இருந்தது என்பதற்கு இனிச் சான்று கிடையாது.

நரசிங்கத்தில் மாசித் திங்களில் கஜேந்திர மோட்ச விழா நடைபெறுகிறது. அண்டையிலுள்ள திருமோகூரிலிருந்து காளமேகப் பெருமாள் இங்கு எழுந்தருள்வார். ஒரு புராணத்தில் ஈசன் கணையால் வீழ்ந்த களிறு, மற்றொரு புராணத்தில் திருமாலின் அருளால் முதலை வாயினின்று மீண்ட களிறு. இரண்டையும் பாடிக்கொண்டு ஊரார் அம்மலையின் நிழலில் கூடுகின்றனர். மாறன் எயினன் நீர் தெளித்த கருவறையில் விளக்கு எரிகிறது. பெருமாள் வரும் பாதையின் மேலே, 1858-இல் வெள்ளித் தாளில் பதிந்த அதே கல், வெயிலில் காய்ந்து நிற்கிறது.